கையால் திருப்பும் குவியம்

ஒரு வில்லை தன் முன்னுள்ள காட்சி முழுவதையும் உணரியின் மீது விழச் செய்தாலும், அதில் மிகச்சரியான கூர்மையோடு அமைவது குறித்த ஒரு தூரத்தில் நிற்கும் ஒரேயொரு தளம் மட்டுமே; அதற்கு முன்னும் பின்னும் உள்ளவை யாவும், கண்ணுக்குப் புலப்படும் அளவிலோ புலப்படாத அளவிலோ, கலங்கியே விழுகின்றன. அந்தத் தளத்தை வேண்டிய இடத்துக்கு நகர்த்தும் செயலே குவியப்படுத்தல் எனப்படும். புகைப்படக் கலை உலகுக்கு அறிவிக்கப்பட்ட 1839ஆம் ஆண்டு முதல் ஏறத்தாழ 140 ஆண்டுகள் இதைச் செய்துவந்தது மனிதக் கையே. 1977இல் வந்த கோனிக்கா சி35 ஏஎஃப் என்னும் சிறு கமராவும், 1985இல் வந்த மினோல்டா 7000 என்னும் கமராவும் அந்த வேலையை மோட்டருக்கும் சில்லுக்கும் மாற்றிக்கொடுத்தன. இன்று கைபேசி வைத்திருக்கும் எவரும் குவியம் என்றொன்று இருப்பதையே நினைக்காமல் படம் எடுக்கிறார். அப்படியிருந்தும், வளையத்தை விரலால் திருப்பிக் குவியப்படுத்தும் பழைய வகை வில்லைகள் ஒதுங்கிப் போகவில்லை, புதிதாகவும் செய்யப்படுகின்றன. இதைப் பழமை மீதுள்ள ஏக்கம் என்று மட்டும் சொல்லிக் கடந்துவிட முடியாது என்பதற்குச் சான்று தேட, இலங்கையின் ஹட்டனைச் சூழ்ந்த தேயிலை மலைகளைவிடப் பொருத்தமான ஆய்வுகூடம் வேறில்லை.

முதலில் வளையத்துக்குள் நடப்பதைப் பார்க்கலாம். மிகத் தொலைவிலிருந்து சமாந்தரமாக வரும் கதிர்களை ஒரு வில்லை தனக்குப் பின்னே எவ்வளவு தூரத்தில் ஒரு புள்ளியில் கூட்டுகிறதோ, அதுவே அதன் குவியத்தூரம். 50 மில்லிமீற்றர் குவியத்தூரமுள்ள வில்லை, தொலைமலை ஒன்றின் விம்பத்தைத் தனக்குப் பின்னே சரியாக 50 மில்லிமீற்றரில் அமைக்கும். பொருள் நெருங்கி வர வர விம்பம் பின்னோக்கிப் போகும். 10 மீற்றரில் நிற்கும் ஆளின் விம்பம் 50.25 மில்லிமீற்றரிலும், 5 மீற்றரில் நிற்பவரின் விம்பம் 50.5 மில்லிமீற்றரிலும், ஒரு மீற்றரில் உள்ள முகத்தின் விம்பம் 52.6 மில்லிமீற்றரிலும், அரை மீற்றரில் உள்ள இலையின் விம்பம் 55.6 மில்லிமீற்றரிலும் அமையும். உணரி நகராது ஆகையால் வில்லைதான் முன்னே நகர்ந்து இந்த வேறுபாட்டை ஈடுசெய்கிறது. 10 மீற்றருக்கு அப்பால் உள்ள எல்லாம், அதாவது எதிர்ப்புறத்து லயம், அதற்குப் பின்னால் உள்ள மலைமுகடு, அதற்கும் பின்னால் உள்ள சிவனொளிபாதமலை ஆகிய யாவும், கால் மில்லிமீற்றர் நகர்வுக்குள் அடங்கிவிடுகின்றன. ஆனால் ஒரு மீற்றரிலிருந்து அரை மீற்றருக்கு வருவதற்கு ஏறத்தாழ 3 மில்லிமீற்றர் வேண்டியிருக்கிறது. வில்லைக் குழலில் பொறிக்கப்பட்ட தூர எண்கள் அண்மைப் பக்கம் அகன்றும், முடிவிலிக் குறியை நெருங்க நெருங்க ஒன்றன்மேல் ஒன்று இடித்துக்கொண்டும் இருப்பதன் காரணம் இதுவே.

இந்த நுண்ணிய நகர்வைக் கையின் பெரிய அசைவாக மாற்றித் தருவது சுருளிப்புரி என்னும் அமைப்பு. ஒன்றினுள் ஒன்று பொருந்திய இரு உலோகக் குழல்களில், ஒரே புரியாக அல்லாமல் போத்தல் மூடியில் இருப்பதுபோல் பல புரிகள் பக்கம் பக்கமாக வெட்டப்பட்டிருக்கும். புரிகளுக்கிடையே கெட்டியான கிரீஸ் பூசப்பட்டிருக்கும். வளையம் ஏறத்தாழ 200 பாகை திரும்பி வில்லையை 5.6 மில்லிமீற்றர் நகர்த்துவதாகக் கொண்டால், 10 மீற்றரிலிருந்து முடிவிலி வரையான உலகம் முழுவதும் வளையத்தின் 9 பாகைக்குள் வந்துவிடும். விரல் நுனி உணரக்கூடிய இடைவெளிதான் அது. தானியங்கு வில்லைகளில் மோட்டர் விரைவாக ஓடி முடிக்கவேண்டும் என்பதற்காக வளையத்தின் திருப்பம் பெரும்பாலும் குறுக்கப்பட்டிருக்கும். பல புதிய வில்லைகளில் வளையத்துக்கும் கண்ணாடிக்கும் நேரடித் தொடர்பே கிடையாது, வளையம் மின்சமிக்ஞை ஒன்றை அனுப்ப மோட்டர் அதைப் பார்த்து அசைகிறது. கைக்குவிய வில்லையில் இரு முனைகளிலும் வளையம் முட்டி நிற்கும் எல்லை உண்டு. இடையில் கிரீஸின் சீரான எதிர்ப்பு உண்டு. இவ்விரண்டும் இருப்பதால், எந்தப் பக்கம் எவ்வளவு திருப்பினால் எவ்வளவு தூரம் என்பது சில வாரப் பழக்கத்தில் விரலுக்கே தெரிந்துவிடுகிறது. கைக்குவியத்தின் இன்பத்தைப் பற்றிப் பேசுவோர் முதலில் குறிப்பிடுவது இதைத்தான். அதில் மறைபொருள் ஏதும் இல்லை, கை அசைந்த அளவுக்கே விம்பமும் அசைகிறது, கை நின்றதும் அதுவும் நிற்கிறது.

துல்லியமான தளம் ஒன்றே என்றாலும் படத்தில் ஓரளவு ஆழம் முழுவதும் கூர்மையாகத் தெரிவதற்குக் காரணம் கண்ணின் குறைபாடு. தளத்துக்கு வெளியே உள்ள ஒரு புள்ளி உணரியில் புள்ளியாக விழாமல் சிறு வட்டமாக விழும்; இதனை மங்கல் வட்டம் என்பர். 35 மில்லிமீற்றர் படச்சுருள் அளவுள்ள சட்டகத்தில் அந்த வட்டம் 0.03 மில்லிமீற்றருக்கு உட்பட்டிருக்கும் வரை, இயல்பான அளவுக்குப் பெருப்பித்த படத்தில் கண் அதைப் புள்ளியாகவே ஏற்றுக்கொள்ளும் என்பது நெடுங்கால வழக்கு. அவ்வாறு கண் பொறுத்துக்கொள்ளும் முன்பின் பரப்பே புல ஆழம் எனப்படுகிறது. வில்லையின் துவாரம் சுருங்கினால் அது கூடும், பொருள் நெருங்கினால் மிக வேகமாகக் குறையும். துவாரத்தின் அளவைக் குறிக்கும் எஃப் எண் குவியத்தூரத்தைத் துவார விட்டத்தால் வகுத்துப் பெறப்படுவதால், எண் சிறிதாக இருந்தால் துவாரம் பெரிது என்பதை நினைவில் வைக்கவேண்டும்.

இந்தக் கணக்கைத் தேயிலைச் செடியின் முன் வைத்துப் பார்க்கலாம். கொழுந்து என்று மலையகத்தில் சொல்லப்படுவது இரண்டு இலையும் அவற்றின் நடுவில் விரியாமல் நிற்கும் ஓர் அரும்பும் சேர்ந்தது. 50 மில்லிமீற்றர் வில்லையை எஃப் 2 என்ற அகன்ற துவாரத்தில் வைத்து, அரை மீற்றர் தூரத்திலிருந்து அதைப் பார்த்தால் புல ஆழம் ஒரு சென்ரிமீற்றரைச் சற்றே தாண்டும். கொழுந்தின் முழு அளவு அதைவிடப் பெரிது. எனவே வளையத்தை மயிரிழை அளவில் திருப்புகையில், முதலில் முன்னால் நீட்டிக்கொண்டிருக்கும் இலையின் வாள்பல் போன்ற விளிம்பு கூர்மை பெற்று, அதன் நுனியில் தொங்கும் நீர்த்துளிக்குள் தலைகீழான மலைச்சரிவு ஒன்று தெரியும். சற்று மேலும் திருப்பினால் இலை கரைந்துபோய், அரும்பின் மேல் படர்ந்த வெண்ணிற நுண்மயிர்கள் ஒவ்வொன்றாக எழுந்து நிற்கும். இன்னும் திருப்பினால் அவையும் மறைந்து பின்னிலையின் நரம்புகள் மட்டும் எஞ்சும். ஒரு சென்ரிமீற்றர் தடிப்புள்ள கூர்மைத் தகடு ஒன்று கொழுந்தின் ஊடாக நடந்து செல்வதைக் கண் பார்த்துக்கொண்டே இருக்கிறது. எஃப் 8க்குச் சுருக்கினால் அந்தத் தகடு 4 சென்ரிமீற்றருக்கும் மேல் தடித்து, கொழுந்து முழுவதும் அடங்கிவிடும். ஆனால் பின்னணியிலுள்ள செடிகளும் கிளம்பி வந்து கொழுந்தோடு போட்டியிடும். இவற்றுள் எது நல்ல படம் என்று இயற்பியல் சொல்லாது. தானியங்கு குவியம் அந்தத் தேர்வை ஒழித்துவிடவில்லை, பெரும்பாலும் சட்டகத்தின் நடுவில் உள்ளதை, அல்லது மிக அருகில் உள்ளதை, அல்லது கண் போலத் தோன்றுவதைத் தானே தேர்ந்துவிடுகிறது.

ஹட்டன் கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,270 மீற்றர் உயரத்தில், மத்திய மலைநாட்டின் மேற்குச் சரிவை நோக்கி அமைந்த ஊர். மே முதல் செப்டெம்பர் வரை தென்மேல் பருவக்காற்று இந்துசமுத்திரத்திலிருந்து சுமந்துவரும் ஈரம் இச்சரிவுகளில் மோதி மேலெழும்போது குளிர்ந்து முகிலாகிறது. அந்த முகில் தரையைத் தொடும் இடத்தில் நிற்பவருக்கு அது மூடுபனி. பார்வைத்தூரம் ஒரு கிலோமீற்றருக்குக் குறைந்தால் அதனை மூடுபனி என்பது வானிலையாளர் வழக்கு. தலவாக்கலைக்கும் கொட்டகலைக்கும் இடையில் வாகனம் ஓட்டியவர்களுக்கு 20 மீற்றர் பார்வைத்தூரமும் புதிதல்ல. மூடுபனித் துளிகள் ஒளியின் அலைநீளத்தைவிடப் பல மடங்கு பெரியவை ஆதலால் எல்லா நிறங்களையும் ஏறத்தாழ ஒரே அளவில் சிதறடிக்கின்றன. அதனாலேயே மூடுபனி வெண்மையாக இருக்கிறது. தெளிந்த நாளில் தொலைமலைகள் நீலமாகத் தெரிவது வேறு கதை. அங்கே சிதறடிப்பவை காற்றின் மூலக்கூறுகள், அவை நீலத்தையே கூடுதலாகச் சிதறடிப்பவை.

மூடுபனியில் பொருள்களுக்கிடையிலான ஒளி வேறுபாடு, தூரம் கூடக்கூட அடுக்குக்குறி முறையில் தேய்கிறது. மனிதக் கண் நூற்றுக்கு 2 பங்கு வேறுபாட்டையே கடைசி எல்லையாகக் கொள்ளும் என்று எடுத்துக்கொண்டால், பார்வைத்தூரம் 200 மீற்றராக உள்ள ஒரு காலையில் 50 மீற்றரில் நிற்கும் சவுக்கு மரம் தன் இயல்பான ஒளி வேறுபாட்டில் நூற்றுக்கு 38 பங்கை மட்டுமே வைத்திருக்கும். 100 மீற்றரில் அது நூற்றுக்கு 14 பங்காகிவிடும். தானியங்கு குவியத்துக்கு உணவு இந்த வேறுபாடுதான். அது செயற்படும் முறைகள் இரண்டு. ஒன்றில், வில்லை முன்னும் பின்னும் நகர, விம்பத்தின் விளிம்புகளில் ஒளி வேறுபாடு உச்சத்தை அடையும் இடத்தைக் கமரா தேடுகிறது. உச்சத்தைக் கண்டுகொள்ள அதைத் தாண்டிச் சென்று திரும்பவும் வேண்டும். மற்றொன்றில், வில்லையின் இடப்பக்கமாகவும் வலப்பக்கமாகவும் வந்த கதிர்கள் தனித்தனியே ஒப்பிடப்பட்டு, அவை எவ்வளவு விலகியுள்ளன என்பதிலிருந்து குவியம் எந்தப் பக்கம் எவ்வளவு தவறியது என்று கணிக்கப்படுகிறது. இதனைக் கட்ட வேறுபாட்டு முறை என்பர். முதல் முறைக்கு உச்சம் தெளிவாக இருக்கவேண்டும். இரண்டாவதற்கு ஒப்பிடத்தக்க வடிவம் இருக்கவேண்டும். மூடுபனி உச்சத்தைத் தட்டையாக்கிவிடுகிறது. தேயிலை மலையோ, ஒரே உயரத்துக்குக் கவ்வாத்து செய்யப்பட்ட ஒரே மாதிரியான செடிகள் நிரை நிரையாக அடுக்கப்பட்ட பரப்பு. ஒன்றுபோல் திரும்பத் திரும்ப வரும் கோலத்தில் எந்த வடிவத்தோடு எந்த வடிவத்தைப் பொருத்துவது என்று ஒப்பிடும் முறை தடுமாறுகிறது. விளைவு, வில்லை முடிவிலிக்கும் அண்மைக்கும் இடையில் முனகிக்கொண்டே ஓடும். அல்லது எதிரே இரு செடிகளுக்கிடையில் பனித்துளி கோத்து நிற்கும் சிலந்திவலையைப் பற்றிக்கொண்டு, படம் எடுக்க விரும்பிய கொழுந்து பறிக்கும் நிரையை வெள்ளைக் கறையாக விட்டுவிடும். கையால் திருப்புபவருக்கு இந்தச் சிக்கலே எழுவதில்லை. மூடுபனிக்குள் மங்கிய உருவமொன்று அசைவதைக் கண் அறிந்திருக்கிறது, அது ஏறத்தாழ எவ்வளவு தூரத்தில் என்பதையும் அறிந்திருக்கிறது. எஞ்சியது வளையத்தை அந்த எண்ணில் நிறுத்துவது மட்டுமே.

இதை வைத்துக்கொண்டு கைக்குவியமே எங்கும் மேலானது என்று வாதாடுவது நேர்மையாகாது. பாடசாலை விளையாட்டுப் போட்டியில் நேரே ஓடிவரும் பிள்ளையையும், காசல்ரீ நீர்த்தேக்கத்தின் மேல் பாய்ந்து செல்லும் பறவையையும் புதிய கமராவின் தானியங்கு குவியம் பின்தொடரும் வேகத்தை எந்த விரலும் எட்டாது. மெதுவாக நிகழ்வது, நிலையாக இருப்பது, அல்லது எங்கே நிகழப்போகிறது என்று முன்கூட்டியே தெரிவது ஆகிய மூன்று நிலைகளிலேயே கை மேலோங்குகிறது. மலையக வாழ்வில் இம்மூன்றுக்கும் பஞ்சமில்லை.

மூன்றாவது நிலைக்கு நல்ல எடுத்துக்காட்டு கொழுந்து மடுவம். கூடையை இறக்கி, தராசில் நிறுத்து, கணக்கப்பிள்ளை எழுதிக்கொள்ளும் வரை நிற்கும் வரிசையில், முகம் தராசை நோக்கித் திரும்பும் இடம் எது என்பது நிகழ்வதற்கு முன்னரே தெரியும். 35 மில்லிமீற்றர் வில்லையை எஃப் 8இல் வைத்து வளையத்தை 5 மீற்றரைச் சற்றே கடந்த இடத்தில் நிறுத்தினால், சுமார் இரண்டரை மீற்றரிலிருந்து தொடுவானம் வரை எல்லாம் ஏற்கத்தக்க கூர்மையோடு விழும். இவ்வாறு பின்னெல்லை முடிவிலியைத் தொடும்படி குவியத்தை நிறுத்தும் தூரத்துக்கு அதியுயர் குவியத்தூரம் என்று பெயர். பழைய வில்லைகளின் குழலில் தூர எண்களுக்குக் கீழே இருபுறமும் துவார எண்கள் சோடி சோடியாகப் பொறிக்கப்பட்டிருப்பது இதற்காகவே: முடிவிலிக் குறியை வலது அல்லது இடது 8க்கு நேரே கொண்டுவந்தால், மறுபுறத்து 8க்கு நேரே நிற்கும் எண் அண்மை எல்லையைச் சொல்லும். அதற்குப் பிறகு குவியத்தைப் பற்றி நினைக்கவே தேவையில்லை. கமரா கண்ணுக்குப் போகும் அந்த நொடியிலேயே படம் எடுக்கப்பட்டுவிடும். குவியத்தை அசைத்துத் தேடும் ஒலியும் இல்லை, எதிரே நிற்பவர் முகத்தில் அடிக்கும் துணைவிளக்கும் இல்லை. முன்கூட்டியே கணிக்கும் இந்த முறை, விந்தையாக, தானியங்கு குவியத்தைவிடவும் வேகமானது. இந்த அளவுகோல் புதிய வில்லைகள் பலவற்றிலிருந்து எடுக்கப்பட்டுவிட்டது ஓர் இழப்பே.

இரவு மற்றொரு களம். டிசெம்பர் பௌர்ணமியிலிருந்து மே மாதத்து வெசாக் வரை நீளும் சிவனொளிபாதமலைப் பருவத்தில், நல்லதண்ணியிலிருந்து உச்சிவரை படிக்கட்டுப் பாதையின் விளக்குகள் இரவு முழுவதும் எரிகின்றன. மஸ்கெலியாப் பக்கத்திலிருந்து பார்ப்பவருக்கு 2,243 மீற்றர் மலையின் இருட்டில் அவை கீறிய கோடாகத் தெரியும். கருமைக்குள் நுண்ணிய ஒளிப்புள்ளிகள் மட்டும் உள்ள இத்தகைய காட்சியில் தானியங்கு குவியம் பற்றிக்கொள்ளப் போதிய பரப்பு இல்லை. வளையத்தை முடிவிலி முட்டும் வரை திருப்பிவிட்டால் போதும் என்று பலர் எண்ணுவதும் சரியன்று. குளிரிலும் வெயிலிலும் குழல் சுருங்கி விரியும் என்பதாலும், வேற்றுக் கமராவில் வில்லையைப் பொருத்தும் மாற்று வளையங்களின் தடிப்பில் சிறு வேறுபாடு இருக்கலாம் என்பதாலும், பல வில்லைகள் முடிவிலிக் குறியைச் சற்றே தாண்டியும் திரும்பும்படி செய்யப்பட்டுள்ளன. எனவே பிரகாசமான புள்ளியொன்றைத் திரையில் பத்து மடங்கு பெருப்பித்து, அது மிகச் சிறிதாகச் சுருங்கும் இடத்தில் வளையத்தை நிறுத்த வேண்டும். ஜனவரி, பெப்ரவரி இரவுகளில் இதற்கு வானமே புள்ளி தருகிறது: தமிழர் அகத்திய விண்மீன் என்று அழைத்துவந்த கனோபசு, இந்த அகலக்கோட்டில் தென்வானில் ஏறத்தாழ 30 பாகை உயரம் வரை ஏறி நிற்கும். இரவு வானம் முழுவதிலும் இரண்டாவது பிரகாசமான விண்மீன் அது. வளையம் திரும்பத் திரும்ப ஊதிய ஒளித்தட்டாகக் கிடந்த அது ஊசிமுனையாக இறுகுவதையும், சற்றே மிகுந்தால் மறுபடி ஊதத் தொடங்குவதையும் கண்டவர்கள், மங்கல் வட்டம் என்ற சொல்லை மறுபடியும் விளக்கக் கேட்கமாட்டார்கள்.

கண் குவியத்தை எப்படித் தீர்மானிக்கிறது என்பதும் காலத்துக்குக் காலம் மாறியது. தொடக்ககாலத்தில் கமராவின் பின்புறத்திலுள்ள சொரசொரப்பான கண்ணாடித் தகட்டில், கறுப்புத் துணிக்குள் தலையை நுழைத்து, தலைகீழாக விழுந்த விம்பத்தைப் பார்த்துக் குவியப்படுத்தினர். பிறகு, 1954இல் வந்த லைக்கா எம்3 போன்ற கமராக்களில் இரு சாளரங்கள் வழியாக வரும் இரு விம்பங்களை ஒன்றன்மேல் ஒன்று பொருத்தும் முக்கோணக் கணிப்பு முறை செம்மை பெற்றது. கண்ணாடி வழியாக நேரே பார்க்கும் கமராக்களில் திரையின் நடுவே எதிரெதிராகச் சரிந்த இரு சிறு அரியங்கள் பதிக்கப்பட்டன. குவியம் தவறியிருந்தால் மின்கம்பம் ஒன்று நடுவில் முறிந்ததுபோல் விலகித் தோன்றும், வளையத்தைத் திருப்பினால் முறிவு பொருந்தும். கட்ட வேறுபாட்டு முறை இதே கோட்பாட்டை மின்னணுக் கண்ணுக்குக் கற்றுக்கொடுத்ததே தவிர வேறில்லை. இன்றைய கமராக்கள் கூர்மையான விளிம்புகளுக்கு நிறம் பூசிக் காட்டுகின்றன. மூடுபனியில் இந்த நிறப்பூச்சும் தானியங்கு குவியத்தைப் போலவே ஏமாறும் என்பதால், பெருப்பித்துப் பார்ப்பதே நம்பத்தக்கது.

மனிதக் கண்ணும் ஒரு குவியப்படுத்தும் கருவிதான், ஆனால் கமராவைப் போன்றதன்று. கமராவில் வில்லை வடிவம் மாறாமல் முன்பின் நகர்கிறது. மீன்களின் கண்ணும் அவ்வாறே செயற்படுகிறது. மனிதக் கண்ணில் வில்லை இடம் மாறாது, அதைச் சுற்றியுள்ள தசை இறுகித் தளர்வதால் வடிவம் மாறி அண்மைக்கும் சேய்மைக்கும் பொருந்துகிறது. நாற்பதைக் கடந்தவர்களிடம் அந்த வில்லை விறைத்து வெள்ளெழுத்து வரும். வெள்ளெழுத்து வந்தவர்கள் குவியப்படுத்தும்போது பிழை நேர்வது பெரும்பாலும் வில்லையால் அன்று. நோக்கியின் ஓரத்திலுள்ள சிறு சில்லைத் தம் பார்வைக்கேற்பத் திருப்பி வைக்காததால் ஆகும். இந்தக் கண்வேலை முழுவதும் ஒருவர் அறியாமலே நடக்கிறது. பார்க்கும் எதுவும் உடனே கூர்மையாகிவிடுவதால் உலகமே கூர்மையானது என்ற மயக்கம் உண்டாகிறது. கைக்குவிய வளையம் அந்த மயக்கத்தைக் கலைத்து, கண் மறைவில் செய்துவந்ததை வெளியே கொண்டுவந்து விரலிடம் கொடுக்கிறது.

இந்த மலைகளிலேயே வந்து முடிந்த ஒரு வாழ்க்கை, குவியம் பற்றிய இக்கேள்வியை 19ஆம் நூற்றாண்டிலேயே எழுப்பியது. ஹட்டனிலிருந்து டிக்கோயா, நோர்வூட் வழியாகச் செல்லும் வீதி பொகவந்தலாவையை அடைகிறது. அங்குள்ள புனித மரியாள் தேவாலய வளவில் ஜூலியா மார்கரெட் கமரன் என்பவரின் கல்லறை இருக்கிறது. 1815இல் கல்கத்தாவில் பிறந்த இவர், இலங்கை வரலாறு படித்த எவரும் அறிந்த கோல்புறூக்–கமரன் ஆணைக்குழுவின் சார்ள்ஸ் ஹே கமரனுடைய மனைவி. 1863 டிசெம்பரில், 48 வயதில், மகளும் மருமகனும் பரிசளித்த கமராவோடு புகைப்படம் கற்கத் தொடங்கி, இங்கிலாந்தின் வைட் தீவில் கோழிக்கூடு ஒன்றைக் கண்ணாடிக் கூடமாக்கி, டெனிசன், டார்வின், ஜோன் ஹேர்ஷல் போன்றோரின் முகங்களைப் படமாக்கியவர். 1875இல் கணவரோடு இலங்கைக்கு வந்து, களுத்துறையிலும் டிக்கோயாப் பள்ளத்தாக்கிலும் வாழ்ந்து, 1879 ஜனவரி 26 அன்று கிளென்கேர்ன் தோட்டத்தில் இறந்தார்.

அவருடைய படங்களைப் பற்றி அன்றைய புகைப்பட வல்லுநர்கள் அடிக்கடி சொன்ன குறை இது: குவியம் சரியில்லை. அவரோ, குவியப்படுத்திக்கொண்டு வரும்போது அழகாகத் தெரிந்த இடத்திலேயே கையை நிறுத்திவிடுவதாகவும், ஏனையோர் வற்புறுத்தும் கூர்மைவரை வில்லையைத் திருகுவதில்லை என்றும் தம் நினைவுக் குறிப்பில் எழுதினார். சரியான குவியம் இதுதான் என்று விதிக்கும் அதிகாரம் எவருக்கு உண்டு என்ற பொருள்பட, 1864இன் இறுதியில் வானியலாளர் ஹேர்ஷலுக்கு எழுதிய கடிதத்திலும் கேட்டிருந்தார். இதில் பிடிவாதம் எவ்வளவு, இயற்பியல் எவ்வளவு என்று பிரித்துப் பார்க்கலாம். 1866 முதல் அவர் கையாண்ட டல்மையர் வில்லையின் குவியத்தூரம் 30 அங்குலம், அதாவது 762 மில்லிமீற்றர். அதன் துவாரம் எஃப் 8. கண்ணாடித் தட்டின் அளவு 15க்கு 12 அங்குலம். 3 மீற்றரில் அமர்ந்தவரின் முகத்தைப் பிடிக்க அந்த வில்லைக்கும் தட்டுக்கும் இடையில் ஒரு மீற்றருக்கு மேல் இடைவெளி வேண்டும். பெருப்பிக்காமல் நேரடியாக அச்சிடும் பெரிய தட்டில் 0.2 மில்லிமீற்றர் மங்கல் வட்டத்தைக் கண் பொறுக்கும் என்று தாராளமாக வைத்துக்கொண்டாலும், புல ஆழம் 4 சென்ரிமீற்றரைக்கூட எட்டாது. மூக்கு நுனி கூர்மையாக இருந்தால் காது இருக்காது. கண் கூர்மையாக இருந்தால் இரண்டும் இருக்கா. ஆகவே இத்தகைய கமராவில் முழு முகக் கூர்மை என்ற விதியே பொருளற்றது. முகத்தின் எந்தத் தகட்டைத் தேர்வது என்பதே கேள்வி, அதற்கு அவர் தம் விருப்பப்படி விடை அளித்தார். விமர்சகர்கள் கணக்குப் போட்டுப் பார்த்திருந்தால் கொஞ்சம் மெதுவாகவே பேசியிருப்பார்கள்.

மேலும் இரு காரணிகள் உண்டு. அவர் பயன்படுத்திய ஈரக் கொலோடியன் தட்டு நீலத்துக்கும் புறஊதாவுக்கும் மட்டுமே உணர்வுடையது. கண்ணோ மஞ்சளும் பச்சையும் கலந்த ஒளியில்தான் கூர்மையைத் தீர்மானிக்கிறது. வெவ்வேறு நிறங்களை ஒரே புள்ளியில் கூட்டும்படி திருத்தப்படாத வில்லையில், கண் கண்ட குவியமும் தட்டு கண்ட குவியமும் வேறு வேறு இடங்களில் விழும். இக்குறையை நிறப்பிறழ்ச்சி என்பர். அவருடைய முதல் வில்லையில் இது இருந்ததாகப் பின்னாளைய வரலாற்றாசிரியர்கள் சிலர் கருதினர். மற்றது, ஒளி பதியத் தேவைப்பட்ட நீண்ட நேரம். தலை சற்றே அசைந்தாலும் மங்கல் உண்டாகும். ஆனால் அசைவின் மங்கல் ஒரு திசையில் இழுபட்டிருக்கும், குவியத்தின் மங்கல் எல்லாத் திசையிலும் வட்டமாகப் பரவும். அவருடைய படங்களில் இரண்டுமே கலந்து கிடக்கின்றன.

இலங்கையில் அவர் எடுத்தவற்றுள் இன்று எஞ்சியவை மிகச் சிலவே. களுத்துறையில் எடுக்கப்பட்ட அவற்றில், இந்த நாட்டு உழைப்பாளர்கள் பெரும்பாலும் பெயர் குறிக்கப்படாமலே நிற்கிறார்கள். டெனிசனுக்கும் டார்வினுக்கும் கிடைத்த பெயர்ப்பொறிப்பு இவர்களுக்குக் கிடைக்கவில்லை. நீலத்தை மட்டும் உணரும் தட்டு, நீலத்தைக் குறைவாகவும் சிவப்பைக் கூடுதலாகவும் தெறிக்கும் மண்ணிறத் தோலை உள்ளதைவிடக் கருமையாகவே பதியும் என்பதையும் இப்படங்களைப் பார்ப்போர் நினைவில் கொள்ளவேண்டும். அந்த முகங்களின் இருள் முழுவதும் முகங்களுடையதன்று, ஒரு பகுதி வேதியியலுடையது.

டல்மையர் காலத்து வில்லைகள் அருங்காட்சியகங்களுக்குப் போய்விட்டன. ஆனால் 1960களிலும் 70களிலும் செய்யப்பட்ட டக்குமார், ஹீலியோஸ், நிக்கோன் போன்ற கைக்குவிய வில்லைகள் கண்ணாடியற்ற புதிய கமராக்களின் வருகையால் மறுவாழ்வு பெற்றுள்ளன. இதன் காரணமும் எளிய அளவுக் கணக்கே. நிக்கோனின் பழைய பொருத்துவாயிலிருந்து படச்சுருள் வரை 46.5 மில்லிமீற்றர் தூரம் உண்டு; இடையில் அசையும் கண்ணாடிக்கு அவ்வளவு இடம் வேண்டியிருந்தது. கண்ணாடி நீக்கப்பட்ட சோனி கமராவில் அந்தத் தூரம் 18 மில்லிமீற்றர் மட்டுமே. எஞ்சும் 28.5 மில்லிமீற்றரை உள்ளே எந்தக் கண்ணாடியும் இல்லாத வெற்றுக் குழல் ஒன்றால் நிரப்பினால் பழைய வில்லை புதிய உடலில் முடிவிலிவரை சரியாகக் குவியும். பழைய வில்லைகளின் பூச்சுகள் இன்றையவற்றைப் போல எதிரொளியைத் தடுக்கமாட்டா, அகன்ற துவாரத்தில் ஓரங்கள் தளர்ந்திருக்கும். இவற்றை அழகு என்று கொண்டாடுவோர் உண்டு, எனினும் எல்லாக் குறையையும் குணமாக்கிப் பேசவேண்டியதில்லை.

மலைநாட்டில் இவ்வில்லைகளுக்கு உண்மையான எதிரி பூஞ்சை. நீண்ட நாள் ஈரத்தில் கிடக்கும் வில்லையின் உட்பரப்பில் அது நூல்நூலாகக் கிளைத்து, தான் சுரக்கும் அமிலத்தால் பூச்சை அரித்துவிடும்; தோலுறைக்குள் பூட்டி வைப்பது அதற்கு விருந்து வைப்பதாகும். காற்றுப் புகாத பெட்டியில் சிலிக்காக் குருணைப் பைகளோடு வைத்து, குருணைகள் நிறம் மாறியதும் சூடாக்கி உலர்த்தி மீண்டும் இடுவதே எளிய காப்பு. கிரீஸ் காய்ந்து வளையம் இறுகிய வில்லையைத் திறந்து துடைத்துப் புதுக் கிரீஸ் இடலாம், உள்ளே இலத்திரனியல் ஏதும் இல்லை. ஆனால் சுருளிப்புரியில் பல தொடக்கங்கள் இருப்பதால், கழற்றும்போது இரு குழல்களும் பிரியும் இடத்தை ஊசியால் கீறிக் குறித்துக்கொள்வது பழுதுபார்ப்போர் வழக்கம். தவறான தொடக்கத்தில் மீண்டும் பூட்டினால் வளையம் வழுவழுப்பாகத் திரும்பும், தூர எண்களும் காட்டும், முடிவிலி மட்டும் எங்கும் கிடைக்காது.